அண்ணன் பெயரில் ஒரு மைவி

லோகேஸ்வரியின் காரில் போகிறவர்கள் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. சாத்தினால் கார் நகராது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எதிரே ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுகளில் காயும் துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சாத்தியவர் திறந்து மறுபடி ஒழுங்காகச் சாத்தினால்தான் சாவி திரும்பும்.

"அந்தக் கதவு ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு, நஸீஹா?"

"சாரிக்கா. கை பழக்கம்லா."

"அப்ப கைய வீட்டுல வெச்சுட்டு வா."

நஸீஹாவுக்கு இருபத்தாறு வயது. பின்சீட்டு அவளுடையது. முன்சீட்டு அர்ஜுனன் அண்ணனுடையது. பக்கத்து பிளாக்கில் இருக்கிறார், அறுபதை நெருங்குகிறார். மூன்று பேருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரே கம்பெனி. அவர் சாமான் கிடங்கில், நஸீஹா அலுவலகத்தில், லோகேஸ்வரி சோதனை வரிசையில். மின்பலகைகளைப் பெருக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, எங்கே வெடித்திருக்கிறது, எங்கே ஈயம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிற வேலை. இருபத்தைந்து வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள். காரில் மட்டும் சும்மா இருப்பாளா?

முன்சீட்டுகளுக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் அட்டை தொங்கியது. அவளே எழுதி, கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை போட்டது. கறிப் பொட்டலம் மடியில் இருக்கலாம், சீட்டில் இருக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும். இடித்தால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்காரரின் பிடரியில்தான் வந்து விழுவார். நாற்றமடிக்கும் டுரியான் பழம் சாப்பிட்டவர் அன்றைக்கு பஸ். 'இங்கதான் திரும்பணும்' என்பதைத் திரும்பும் இடம் போன பிறகு சொல்கிறவர்கள் வாயே திறக்க வேண்டாம். கீழே வந்து நின்றுவிட்டுத்தான் 'கீழே நிற்கிறேன்' என்று மெசேஜ் போட வேண்டும். குளியலறையிலிருந்து போடக் கூடாது. ஏறுகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். எழுதியவள் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

அவள் கோபத்துக்கு அடியில் இன்னொரு கோபம் இருந்தது. அந்த வெள்ளை மைவி கார் அவள் பெயரில் இல்லை.

லோகேஸ்வரி பைராம் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வேலைக்கு வந்தாள். கல்யாணம் செய்தாள். கணவன் ஒரு மோட்டார் பட்டறை திறந்தான். கடன் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். பட்டறையும் போனது, அவனும் போனான், கையெழுத்து மட்டும் நின்றது. அதனால்தான் ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் கார் வாங்கப் போனபோது வங்கி தலையாட்டவில்லை. சுங்கை பாக்காப்பில் இருக்கும் அண்ணன் யுகேந்திரன் கைகொடுத்தான். பெயர் அவனுடையது, தவணை அவளுடையது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாள். போன மார்ச்சில் கடைசித் தவணையும் முடிந்தது.

முடிந்ததும் பெயரை மாற்றிக்கொடுக்க வேண்டியதுதானே? யுகேந்திரனுக்கு நாள் கிடைக்கவில்லை. முதலில் வேலை நெருக்கடி என்றான். பிறகு ஆடி கழியட்டும் என்றான். இதற்கிடையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த ஒரு வசனம்: "நம்ம காடிதான். பாவம், தங்கச்சிக்கு ஓட்டக் குடுத்திருக்கேன்."

பாவம் என்ற அந்தச் சொல்தான் அவளைக் கொன்றது. மழையில் நனைந்த நாய்க்குக் கோணிப்பை விரித்துக் கொடுத்தது போல ஒரு பாவம். பக்கத்தில் நின்று, தட்டில் கேசரியை வைத்துக்கொண்டு, வாயை மூடி நின்றிருக்கிறாள். பெயர் அவன் பெயர். ஒரு வார்த்தை மிஞ்சினால் சாவியைக் கேட்பான்.

கடைசியில் ஆயுத பூசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு பத்து ஊபானில் வண்டிப் பெயர் மாற்றும் ஜேபிஜே அலுவலகத்துக்கு வந்து பெருவிரல் வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். இரண்டு பேர் விரலும் பதிந்தால்தான் பெயர் மாறும். ஒரு நிபந்தனையும் போட்டான்.

"பூசை இந்த வருஷமும் எங்கூட்லதான். காடிக்காரன் கையாலதான் பூசை பண்ணணும். ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து நிப்பாட்டு."

கடைசித் தடவைதானே என்று வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பாலத்தைத் தாண்டிப் போனாள். வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டான். காரை வாசல் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். அவளை, "உள்ள போயி அண்ணிக்குச் சுண்டல் தாளிக்க ஒத்தாச பண்ணு" என்று அனுப்பிவிட்டான். சமையலறையில் அவள் கடுகு வெடிக்கும் சத்தத்தையும், வெளியே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அண்ணன் 'நம்ம காடி, நம்ம காடி' என்று சொல்லும் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டாள். அண்ணி போனில் வீடியோ எடுக்க வெளியே போய்விட்டாள். தாளித்தது லோகேஸ்வரி மட்டும்.

அவள் வெளியே வந்தபோது பூசை முடிந்திருந்தது. மாலை, சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நேராக ஓட்டிப் பழத்தை நசுக்கி, அப்படியே வீட்டுக்கு வந்தாள். ஃப்ளாட்டின் கார் நிறுத்தத்தில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டு மாடி ஏறினாள். குடும்ப வாட்ஸப் குழுவின் மெசேஜ்களால் போன் துள்ளிக்கொண்டே இருந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் கீழே வந்தபோது அர்ஜுனன் காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கோயில் பிரசாதம் சுற்றிய வாழையிலைத் துண்டு. வெள்ளிக்கிழமை என்றால் அவர் விடியலில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார். வந்தால் அவள் காருக்கும் எங்காவது கொஞ்சம் திருநீறு பூசுவார். ஒருமுறை முன்கண்ணாடியிலேயே மூன்று பட்டை போட்டு, வைப்பர் அதை நாலு நாள் தேய்த்தது. அட்டையில் அதற்கும் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

"ஏறுங்கண்ணே, நேரமாச்சு."

அவர் ஏறினார். நஸீஹா ஓடிவந்து ஏறினாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். லோகேஸ்வரி பின்கியர் போட்டாள். திரையில் பின்பக்கம் தெரியவில்லை. மஞ்சளாக ஏதோ மங்கலாக இருந்தது.

"இது என்ன கெரகம்? கேமரா போச்சா?"

"பனியா இருக்கும்" என்றார் அர்ஜுனன். உட்கார்ந்த இடத்திலிருந்தே லேசாகத் திரும்பினார். "வரலாம், வரலாம். எடம் இருக்கு. வா, வா, வா..."

டொக்.

சத்தம் சின்னதுதான். ஆனால் முதுகுத்தண்டில் கேட்டது.

கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பின்னால் எடுக்கும்போது உங்களுக்கு வழி சொல்கிறவர் காருக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே உட்கார்ந்துகொண்டு 'வரலாம்' என்கிறவர் வழி சொல்லவில்லை, ஆசீர்வாதம் செய்கிறார். திரை தெரியவில்லையென்றால் இறங்கிப் பார்க்க வேண்டும்; அதற்கு அரை நிமிடம் போதும். லோகேஸ்வரிக்கும் இது தெரியும். ஆனால் அன்று அவள் தலைக்குள் மூன்று மணி ஏற்கனவே அடித்துக்கொண்டிருந்தது.

இறங்கிப் பார்த்தாள். கார் நிறுத்தத்தின் ஓரத்தில் இடுப்பளவு இரும்புக் கம்பம், மஞ்சள் பெயின்ட் அடித்தது. பின்கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. குழிக்கு மேலே, நம்பர் தட்டை ஒட்டி, கேமராவின் கண் இருக்கிற இடத்தில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

அவளுக்குக் கண் இருட்டிவிட்டது.

"அண்ணே! எறங்குங்க!"

அர்ஜுனன் இறங்கி வந்தார். பார்த்தார். "ஐயையோ" என்றார்.

"கேமராவுல பொட்டு வெச்சிருக்கீங்க!"

"நானா? நான் வைக்கலம்மா."

"வேற யாரு? நான் வர்றப்போ இங்கதானே நின்னீங்க? கையில சந்தனம் வேற!"

"நின்னேன். வைக்கல. சாமி சத்தியமா—"

"சாமிய ஏன் இழுக்கிறீங்க? மூணு மணிக்கு எங்கண்ணன் வர்றான். ஒரு கீறல் இருந்தாலும் வெரல் வைக்க மாட்டான். ஏழு வருஷம்ணே! ஏழு வருஷமா நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், இந்த ஒரு நாளைக்காக!"

"சரிம்மா, நான் வரலாம்னு சொன்னது தப்பு—"

"ஒரு கண்ணுதான் தெரியும் உங்களுக்கு. அதுவும் இப்பத்தான் அறுத்துட்டு வந்திருக்கு. கண்ணு தெரியாத ஆளுக்கு வழி சொல்ற வேல எதுக்கு?"

நஸீஹா, "அக்கா" என்றாள், மிக மெதுவாக.

நான்கு மாதத்துக்கு முன்னால் கண்புரை அறுவைக்கு அர்ஜுனனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் இந்தக் கார்தான். அழைத்து வந்ததும் இவள்தான். அவர் இலைத்துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையில் ஒட்டியிருந்த திருநீற்றைத் தட்டிவிட்டார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். வேகமாக நடக்க முயன்றார், முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. யாரையாவது அடித்துவிட்டால் அடிபட்டவர் சீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்துவிட வேண்டும். இவர் மறையவே இல்லை.

அவள் நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். அது காய்ந்து, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. செதில் செதிலாக விழுந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் பலகையில் இந்த மாதிரி வெடிப்பைத் தேடுகிறவள், அதைப் பார்த்துக்கொண்டே உதிர்த்தாள். மனதில் ஏறவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் குழியைப் போனில் ஒரு படம் எடுத்தாள்.

பாயா தெருபோங் மேட்டில் ஏறி இறங்கும்வரை நஸீஹா பின்சீட்டில் அட்டையையே படித்துக்கொண்டு வந்தாள்.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஜேபிஜேயில் எண்ணட்டை வாங்கி உட்கார்ந்தாள். குழியை மறைக்கலாமா என்று யோசித்தாள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தலாம். பிறகு அந்த யோசனைமேலேயே கோபம் வந்தது. என் காரை நானே ஒளித்துவைக்க வேண்டுமா? பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று வாசலிலேயே நிறுத்தினாள்.

யுகேந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டான்.

"என்ன இது?"

"இடிச்சிருச்சு. காலைல."

"இடிச்சிருச்சா? நேத்துத்தானே பூச பண்ணிக் குடுத்தேன்!" அவன் குரல் கூடத்துக்குள் எட்டியது, உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத் திரும்பிப் பார்க்கும் முகங்கள் பிடிக்கும். "ஒரு நாள்! ஒரே ஒரு நாள் ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. ஒம்பேருக்கு மாத்திட்டா நாளைக்கு என்ன ஆகும்? இல்லமா, இது வேணாம். இன்னும் கொஞ்ச நாள் எம்பேர்லயே இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீ வெரல் வைக்கிறேன்னு சொன்னே."

"காடி நல்லா இருந்தா வைக்கிறேன்னு சொன்னேன். நேத்து எப்படி இருந்துச்சு? கண்ணாடி மாதிரி இருந்துச்சு! அதுக்கு சாட்சி இருக்கு. இந்தா, பாரு." அவன் போனை எடுத்தான். வாட்ஸப் குழுவைத் திறந்து, அண்ணி எடுத்த வீடியோவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்காரருக்கும் தெரியும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான்.

வீடியோவில் மைவி பளபளவென்று நின்றது. யுகேந்திரன் வேட்டியோடு சந்தனக் கிண்ணத்தை ஏந்தி முன்னால் பூசினான், பக்கவாட்டில் பூசினான், பின்னால் வந்தான். பின்கதவில் உண்மையாகவே ஒரு கீறல் இல்லை. நம்பர் தட்டுக்குப் பக்கத்தில் குனிந்தான். கேமராவை உற்றுப் பார்த்தான். திரும்பி அண்ணியைப் பார்த்துச் சிரித்தான்.

"இது பாரேன், கண்ணு மாதிரியே முழிக்குது. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிருவோம்."

கட்டைவிரல் கேமராவின் மேல் அழுந்தியது. அண்ணி சிரிக்கும் சத்தம். அவ்வளவுதான், வீடியோ முடிந்தது.

யுகேந்திரன் போனைப் பிடித்தபடியே நின்றான். என்ன காட்டினோம் என்பது அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

லோகேஸ்வரிக்கு விளங்கியது. முதலில் காய்ந்த பொட்டு நினைவுக்கு வந்தது. காலையில் வைத்த சந்தனம் காலையிலேயே காயாது. அதை நகத்தில் வைத்துப் பார்த்தும் அவள் பார்க்கவில்லை. பிறகு அர்ஜுனன் நடந்துபோன முதுகு நினைவுக்கு வந்தது.

"இன்னொரு தடவ போடுண்ணே" என்றாள்.

"எதுக்கு?"

"போடு. கடேசில நீ சிரிக்கிறத நல்லாப் பாரு."

அவன் போட்டான். இந்த முறை பாதியிலேயே அவன் காது சிவந்தது.

"அது... சாமி காரியம். அதுல குத்தம் பாக்கக் கூடாது."

"சாமி எங்கண்ணே கேமராவுல பொட்டு கேட்டுச்சு? இன்னிக்குக் காலைல ரிவர்ஸ் எடுத்தேன். திரையில ஒன் கட்டவெரல்தான் தெரிஞ்சுச்சு. அதப் பாத்துத்தான் கம்பத்துல போயி இடிச்சேன்."

"எறங்கிப் பாத்திருக்கணும்லா."

"பாத்திருக்கணும். அது எந் தப்பு. ஆனா காடிக்காரன் கையால பூச பண்ணணும்னியே, இந்தக் குழி அந்தக் கை வெச்சது." அவள் தன் போனை எடுத்தாள். காலையில் எடுத்த படம் அதில் இருந்தது: குழி, மேலே பாதி உதிர்ந்த பொட்டு. "இப்ப என்ன பண்ணப்போறேன் தெரியுமா? குழுவுல ஒன் வீடியோவுக்குக் கீழேயே இதப் போடப்போறேன். ஒண்ணும் எழுத மாட்டேன். படம் மட்டும். பெரியப்பா வீடு, ஒன் மாமனார் வீடு, எல்லாரும் பாக்கட்டும். அடுத்த கல்யாணத்துல நீ 'பாவம், தங்கச்சிக்கு ஓட்டக் குடுத்திருக்கேன்'னு சொல்லு. யாரு சிரிக்கிறாங்கன்னு பாப்போம்."

"லோகா, இங்க சத்தம் போடாத."

"நான் சத்தம் போடல. இவ்வளவு நாளும் போடல. அதான் நான் பண்ணின பெரிய தப்பு."

கூடத்தில் எண் அழைத்தார்கள். அவளுடைய எண். யுகேந்திரன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மலாய்க்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் போகவில்லை.

"படத்தப் போட மாட்டல்ல?" என்றான்.

"வெரல வை. அப்புறம் பேசலாம்."

வைத்தான். இயந்திரம் முதல் முறை எடுக்கவில்லை. கவுண்டர் பெண் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். இரண்டாம் முறை எடுத்தது. பிறகு லோகேஸ்வரி வைத்தாள். விரலை வேண்டியதைவிட அழுத்தினாள். மகிழ்ச்சியில் அல்ல, அவ்வளவு கோபமும் விரல் நுனி வழியாக வெளியே போக வழி தேடியது.

வாசலில் யுகேந்திரன், "டீ குடிச்சுட்டுப் போலாமா?" என்று கேட்டான்.

"இன்னொரு நாளைக்கிண்ணே. எனக்கு வேல இருக்கு."

அந்த வேலை சுலபமானதாக இல்லை. அர்ஜுனனுக்கு நான்கு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. ஆறு மணிக்கு அவருடைய பிளாக்குக்குக் கீழே காரோடு போய் நின்றாள். சந்தைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, கையில் ரொட்டிப் பையோடு நடந்து வந்தார். அவளைப் பார்த்தும் பார்க்காதவர் போல லிஃப்டை நோக்கித் திரும்பினார்.

"அண்ணே. நில்லுங்க."

"என்னம்மா? இன்னும் ஏதும் பாக்கி இருக்கா?"

"பொட்டு வெச்சது நீங்க இல்ல. எங்கண்ணன். வீடியோவுல பாத்தேன்."

"அத நான் காலையிலேயே சொன்னேன்."

"சொன்னீங்க. நான் கேக்கல."

"வரலாம்னு சொன்னது எந் தப்பு. அத ஒத்துக்கிறேன்" என்றார் அவர். ரொட்டிப் பை கையில் ஆடியது. "அதுக்குத் திட்டியிருந்தா கேட்டிருப்பேன். கண்ணச் சொன்னே பாரு. அந்தச் சின்னப் புள்ள முன்னால. நீதானே அன்னிக்கு ஆஸ்பத்திரியில எங்கையப் புடிச்சுக்கிட்டு நடந்தே? அதே வாயா இது?"

மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் அவளுக்குப் பழக்கமில்லாதவை. அவள் போய் முன்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க."

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. திட்டுங்க. இங்க நின்னு திட்டினா பிளாக்கே பாக்கும், உங்களுக்கு வாய் வராது. உள்ள உக்காந்து திட்டுங்க. முடிக்கிற வரைக்கும் ஓட்டறேன்."

"எனக்குத் திட்டத் தெரியாதும்மா."

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஏறுங்கண்ணே."

அவர் ரொட்டிப் பையின் வாயை முடிச்சுப் போட்டார். பிறகு ஏறினார். பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். கார் சந்தையைச் சுற்றி வந்தது. முதல் சுற்றில் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளி முடிந்த பிள்ளைகள், காய்கறிப் பெட்டிகள், சாலையோரம் நிறுத்திய மோட்டார்கள். இரண்டாம் சுற்றில், "ஒனக்கு வாய் ஜாஸ்தி" என்று ஆரம்பித்தார்.

"ஆமாண்ணே."

"நடுவுல பேசாத. நான் திட்டறேன்ல? ஒனக்கு வாய் ஜாஸ்தி. அகம்பாவமும் ஜாஸ்தி. ஆறு மாசமா அந்த அட்டையப் பாத்துக்கிட்டு வர்றேன். எல்லாத்துலயும் நாங்க செய்யக் கூடாதது மட்டும்தான் இருக்கு. ஓட்டறவ செய்யக் கூடாதது ஒண்ணாவது எழுதியிருக்கியா? எழுது! வண்டியில ஏறினவன அவமானப்படுத்தக் கூடாதுன்னு எழுது! இந்தக் கோவம் யாருமேலன்னு பாத்துட்டுக் காட்டணும்னு எழுது! அண்ணன் மேல இருக்கிற கோவத்த அர்ஜுனன் மேல எறக்கி வைக்க இது என்ன சாமான் ஸ்டோரா? ... ஏ, லாரி, லாரி! எடது பக்கம் லாரி வருது!"

"பாத்துட்டேன்ணே."

"பாத்தா சரி" என்றார் அர்ஜுனன். லாரி போகட்டும் என்று காத்திருந்தார். போனதும் முழங்காலில் ஓங்கித் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அவள் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பினாள்.